நெஞ்சைச் சுற்றி வரும் குரல்

எங்கள் தொழிலில் நோயாளியைவிடக் கூட வந்தவர்தான் அதிகம் பேசுவார்.

தொழில் என்றால் பேச்சுச் சிகிச்சை. கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கின் கடைசி அறையில் இருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், பேசத் தாமதிக்கும் பிள்ளைகள், குரல் கெட்டுப்போனவர்கள் என்று பல மாதிரியானவர்கள் வருவார்கள். இங்கே குரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வகுப்பில் கத்துகிறவர்களாகவோ, கடை வாசலில் கூப்பிடுகிறவர்களாகவோ, வீட்டில் காது மந்தமான ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவர்களாகவோ இருப்பீர்கள். தொண்டை கட்டினால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். ஒருவர் மட்டும் தன் சொந்தப் பெயரையே போடச் சொன்னார். எனக்குத் துணிவு வரவில்லை.

வேலையின் பெயர்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். நியமனம் கிடைத்தபோது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயமே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள் அத்தனையும், கூடிவிட்டது. டாக்டரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நர்ஸா? அதுவும் இல்லை. அப்படியென்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு கட்டினார். நான் விளக்கத் தொடங்கியதும் எல்லாருடைய முகத்திலும் ஒரு கவலை வந்தது, பிள்ளையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல. குடும்பத்திலேயே முதலாவதாகப் புதுமாதிரி வேலைக்குப் போனவர் நீங்கள் என்றால் இந்தக் கஷ்டம் தெரியும். கடைசியில் அம்மா, "ஆஸ்பத்திரியில வேல" என்று சொல்லிப் பேச்சை முடித்துவைத்தார்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். கிளினிக்கில் நோயாளர்களை முறைப்படி கூப்பிட்டு உள்ளே அனுப்புகிறவர் பரீதா ராத்தா. ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா; சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். முதல் நாள் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். பதற்றத்தில் குரல் நாண், மூச்சு, மொழி, விழுங்குதல் என்று பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தையே ஒப்புவித்தேன். அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டு, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, மேசையைத் துடைத்துவிட்டு, "அப்ப பேசாதவங்களப் பேச வைக்கிறதும், கூடுதலாப் பேசுறவங்களப் பேசாம வைக்கிறதும் ஒரே ஆளா? நல்ல வேலதான் மகள்" என்றார்.

மல்லித் தண்ணி

குரல் கெட்ட யாரும் எங்களிடம் நேரே வருவதில்லை. முதலில் மல்லித் தண்ணி. அதில் இஞ்சி சேர்ந்த மல்லித் தண்ணி. பிறகு கற்கண்டும் மிளகும். பிறகு ஆவி பிடித்தல். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த இருமல் பாணி மருந்து. எல்லாம் முடிந்து கிளினிக்குக்கு வரும்போது பருவமழை ஒன்று வந்து போயிருக்கும். நான் கேலி செய்யவில்லை. நானும் மல்லித் தண்ணியில் வளர்ந்தவள்தான். சளி பிடிக்கும் சாதாரணத் தடிமனுக்கு அது இதமானது. ஆனால் சில வாரம் தாண்டியும் குரல் திரும்பாவிட்டால், தயவு செய்து அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

எங்களுக்கு ஒரு கட்டாய விதி உண்டு. டாக்டர் குரல் நாண்களைப் பார்க்கும் முன் நான் எந்தப் பயிற்சியையும் தொடங்கக்கூடாது. தடிமனுக்கும், கட்டிக்கும், நரம்புக் கோளாறுக்கும் வெளியே கேட்கும் கரகரப்பு ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார்கள். நான் பயந்த சுபாவக்காரி. இந்த விதியை மற்றவர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வேன்.

கண்டி டவுனில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர், கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். குழாய் விட்டுப் பார்க்க இன்னொரு நாள் வரவேண்டும் என்றதும் அவருக்குக் கோபம். குரல் இல்லாததால் கோபத்தைக் கண்ணிலேயே காட்ட வேண்டியிருந்தது. சொன்ன நாளில் வந்தார், பார்த்தோம், நாள்முழுதும் கூவிக் கூவி விற்றதில் நாணில் தடிப்பு விழுந்திருந்தது. அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அவ்வளவுதான். பயிற்சியில் அவர் குரல் தெளிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குழாயை அவர் மன்னிக்கவில்லை. கடைசி நாளிலும் கேட்டார்: "முன்வாசல் தெறந்துதானே இருக்கு, ஏம்மா பின்வாசலால போயி தொண்டையப் பாக்குறீங்க?"

வாசலில் நின்றவர்

என் அறையில் இரண்டு கதிரைகள். ஒன்று எனக்கு, மற்றது நோயாளிக்கு. கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். கூட வருகிறவர்கள் நோயாளிக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். நோயாளியின் குரலை அவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். பாடத்தில் சொன்னதை அப்படியே செய்தால் பிழை வராது என்று நம்புகிற ஆள் நான்.

மழை பெய்த ஒரு காலையில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், முழங்கையில் தொங்கும் குடை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்து மனேஜரான துரையிடம் போய்த் தங்களுக்காகப் பேசுவதற்குத் தொழிலாளர்கள் தாங்களே தெரிந்தெடுக்கும் ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து யாரும் திருப்பி வாங்கவில்லை. இங்கே அவரைத் தலைவர் என்றே சொல்கிறேன். வாசலில் நின்றவர் அவர் மனைவி. பாக்கியம் அம்மா என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரைப் போடச் சொன்னவர் இவர்தான்.

தலைவரிடம் என்ன வருத்தம் என்று கேட்டேன். அவர் வாயிலிருந்து பஸ் நிற்கும்போது வருமே, அந்த மாதிரிக் காற்றுத்தான் வந்தது. 'ஆ' என்று இழுத்துச் சொல்லச் சொன்னேன். நான் எண்ணத் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "நாலு மாசமாச்சு மிஸ்" என்றது வாசல். பீடி, சுருட்டு உண்டா என்றேன். எப்போதோ விட்டுவிட்டதாகத் தலைவர் கையைக் காட்டினார். பொங்கலுக்கு ஒன்று குடித்தார் என்று வாசல் திருத்தியது. நான் எழுந்து போய், கதவில் இருந்த அறிவித்தலைப் பணிவாகக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, பிறகு வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு பாக்கியம் அம்மா தொடர்ந்தார். இவர் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கில் நின்று கூப்பிட்டால் கீழ் கணக்கில் கொழுந்து எடுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். கல்யாணமாகி வந்த நாள் முதல் வீட்டில் ரேடியோ கேட்டதில்லையாம். இந்த நாலு மாதமாகத்தான் ஒரு பாட்டை முழுவதும் கேட்கிறாராம். பிறகு தலையை உள்ளே நீட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முழுசா சரியாக்கிப்புடாதீங்க மிஸ். பாதி போதும்."

யாருடைய பெயர்

கதவைச் சாத்தினால் மரியாதையாக இருக்காது. சாத்தாவிட்டால் வேலை ஓடாது. அதனால் பாக்கியம் அம்மாவை வாங்கில் உட்கார வைத்துவிட்டு வரலாம் என்று வெளியே போனேன். போனவள் திரும்பி வர நேரமானது. அவர் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். மனுசன் பாயில் படுப்பதே இல்லையாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடிய இருக்கிறாராம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னாராம். மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தேயிலைச் செடியை ஆராய்ச்சி செய்வதுபோலப் பாவனை காட்டுகிறாராம். சாயந்தரமானால் செருப்புக்குள் கால் நுழைவதில்லையாம். யோசனையில் கிடக்கிறார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், எனக்கு மட்டும் தூக்கம் போகிறது என்றார்.

உள்ளே வந்து தலைவரிடம் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, வயசு என்று கிசுகிசுத்தார். நான் டாக்டர் இல்லை. ஆனால் எதையும் விட்டுவிடப் பயப்படுகிறவள், அதனால் பாக்கியம் அம்மா சொன்னதை ஒன்று விடாமல் எங்கள் தொண்டை டாக்டரான மெடத்திடம் சிங்களத்தில் ஒப்புவித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தலைவருக்கு அன்றைக்கே குழாய் விட்டுப் பார்ப்போம் என்றார். முறையை மாற்றிக் கூப்பிட வேண்டியிருந்ததால் பரீதா ராத்தா விசாரிக்க வந்தார். உள்ளேயும் வெளியேயும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உள்ள ஈக்கிற நோயாளி பேசல்ல, வெளிய ஈக்கிற உம்மாதான் பேசுறாங்க. நான் யாரட பேரக் கூப்பிட?"

ஒரு நாள் போதும்

குழாய்க்காகக் காத்திருந்தபோது தலைவர் தன் கதையைச் சொன்னார். கிசுகிசுப்பில் சொன்னதால் இடையிடையே நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் தோட்டத்துப் பழைய பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாகிவிட்டது. லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விழுந்துகொண்டிருந்த ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாய் வைத்து அங்கே கொண்டுபோய்விட்டார்கள். பீலி காய்ந்துவிட்டது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றுக்கு நடக்கிறார்கள். தலைவர் ஆபீசுக்குள் போய்த் துரையோடு பேசினார். வெளியே வந்து, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, பேசியதைச் சனங்களுக்குச் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

குரல் அதற்கு முன்னரே தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு முற்றாகப் போய்விட்டது. ஆனால் களத்தில் நின்றவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். உள்ளே போகும்போது குரல் இருந்தது, வெளியே வரும்போது இல்லை. சுரேஷ் என்ற இளைஞன் எல்லாருக்கும் கேட்கும்படி, "தொரை வாய அடைச்சிட்டாரு" என்றான். பங்களாவில் மருமகனுக்கு வேலை பேசி முடித்துவிட்டார் என்று கதை கட்ட அடுத்த நாளே ஆள் இருந்தது. அதற்குப் பிறகு அவர் போனால் கூட்டம் பேச்சை நிறுத்துகிறது. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு அவரைத் தாண்டிப் போகிறது. இதைச் சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் குடைப்பிடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு நாளைக்கு மட்டும் கொரலு குடுங்க மிஸ். களத்துல நின்னு பேசிப்புட்டு வந்திடுறேன். அப்புறம் போனாலும் போகட்டும்."

அங்கேயும் லயம்

குழாய் காட்டிய படத்தில் வலப்பக்கத்து நாண் அசைந்தது. இடப்பக்கத்து நாண் அசையாமல் நின்றது. தொண்டையில் வேறு ஒரு பிழையும் இல்லை. மெடம் உடனே நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினார், பிறகு இருதயத்தை ஸ்கேன் செய்ய. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தது தலைவருக்கு நினைவிருந்தது. அந்தக் காய்ச்சல் இருதயத்துக்குள் ஒரு வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருடத்தில் அது சுருங்கிச் சுருங்கி, கதவு சரியாகத் திறவாமல், அதற்குப் பின்னால் இருக்கும் அறை இரத்தம் தேங்கி வீங்கிப்போய்விட்டது. வீங்கிய அறை குரல் நரம்பை நெருக்குகிறது. படுத்தால் மூச்சு முட்டியதும், கால் வீங்கியதும், குரல் போனதும் ஒரே வியாதிதான். தமிழில் விளக்கும் பொறுப்பை மெடம் என்னிடம் தந்தார்.

கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன். இந்தமுறை பாக்கியம் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டேன். கதிரை இல்லாததால் அவர் அலுமாரியில் சாய்ந்து நின்றார். யன்னலைத் திறந்து மலையைக் காட்டினேன். எதிர்மலையில் ஒரு லயம் தெரிகிறது. கையை நீட்டினால் தொடலாம்போல இருக்கும். ஆனால் அங்கே போவதென்றால் ஆற்றுக்கு இறங்கி, பாலத்தைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும் அல்லவா? இடப்பக்கத்துக் குரல் நரம்பும் அப்படித்தான். தலையிலிருந்து வருகிற நரம்பு பக்கத்திலேயே இருக்கும் தொண்டைக்கு நேரே போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்துக்கு மேலே இருக்கும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. பாலத்தடியில் மண் சரிந்தால் எதிர்மலைக்கு பஸ் போகாது. இருதயத்தில் நாலு காம்பரா, அதில் ஒன்று வீங்கிவிட்டது என்று முடித்தேன். அறை என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். லயத்து வீட்டைச் சொல்லும் காம்பரா என்ற சொல் தானாக வாயில் வந்துவிட்டது. தலைவர் எழுந்து யன்னலருகே போய் எதிர்மலையைப் பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார்: "அங்கயும் லயம்தானா மிஸ்? ஒரு காம்பரா வீங்குனா பக்கத்துல இருக்கிறவன் எப்பிடிப் பேசுவான்?"

காத்திருக்காத வால்வு

இருதய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வார்டில் சேருங்கள், மருந்து கொடுத்து மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து வால்வை மாற்றுவோம் என்றார். நெருக்கம் குறைந்தால் குரலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதற்கு வாக்குத் தர முடியாது என்றும் சொன்னார். தலைவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மட்டும் நிற்க மாட்டேன் என்றார். பீலி காய்ந்து கிடக்கும்போது தான் போய்க் கட்டிலில் படுத்தால், வாயை விற்றவன் இப்போது ஆளையும் ஒளித்துக்கொண்டான் என்பார்கள். அப்படிப் பெயர் எடுத்து உயிர் பிழைத்து என்ன செய்ய என்று கேட்டார். பாக்கியம் அம்மா மாத்திரைப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்தார். இருவரும் குடையை விரித்துக்கொண்டு கலஹா பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும், நான் விளக்கியது போதாதோ, பஸ்ஸையும் பாலத்தையும் சொல்லி வியாதியைச் சின்னதாக்கிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நடையில் இருதய டாக்டரைக் கண்டபோது, இன்னும் கொஞ்ச நாள் தாமதித்தால் பரவாயில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர், நின்றார். "தண்ணி பிந்தி வந்தாலும் வரும், பிள்ளை. உந்த வால்வு காத்திருக்காது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றார்.

பேச்சுவார்த்தை

அடுத்த கிளினிக்குக்குத் தலைவர் வந்தார், எனக்கு உயிர் வந்தது. அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். நான் தோட்டத்துக்கு வந்து, களத்தில் நின்று, குரல் எப்படிப் போனது என்று சனங்களுக்குச் சொல்ல வேண்டும். படித்த பிள்ளை, வெளியாள், எந்தக் கட்சியும் இல்லை, நம்புவார்கள். நோயாளியின் வியாதியை மற்றவர்களுக்குச் சொல்லக்கூடாது என்ற விதியை நான் ஒப்புவித்தேன். வியாதி என்னுடையது, நான்தானே தருகிறேன் என்றார். இதற்குப் பாடத்தில் பதில் இல்லை. மெடத்திடம் ஓடினேன். அவர் தலைவரைக் கூப்பிட்டு நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, லீவு நாளில் போகலாம், அவர் சம்மதித்ததற்கு மேலே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு எங்கிருந்தோ ஒரு துணிவு வந்திருந்தது. நான் வருகிறேன், ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை நீங்கள் வார்டில் சேர வேண்டும் என்றேன். எத்தனையோ துரைமாரோடு பேரம் பேசியவரிடம் நிபந்தனை போடுகிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. தலைவர் என்னையும், பாக்கியம் அம்மாவையும், மறுபடி என்னையும் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்: "எந்தத் தொரைகிட்டயும் நான் இப்பிடி மொதப் பேச்சுலயே ஒத்துக்கிட்டது இல்ல மிஸ். வெளிய சொல்லிப்புடாதீங்க."

பெரட்டுக் களம்

பௌர்ணமிப் போயா லீவு அன்று பேராதனையில் கலஹா பஸ் பிடித்தேன். வழிநெடுகப் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போனதில், பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். களத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சுரேஷ் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். தலைவர் கற்படியில் நின்றார், குடையை ஊன்றியபடி. என்னைப் பேசச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. வயிற்றிலிருந்து மூச்சை எடுங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்று நாள்முழுதும் மற்றவர்களுக்குச் சொல்லுகிற எனக்கு, அத்தனை கண்களுக்கு முன்னால் ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. பின்னால் கேட்கவில்லை என்றார்கள். இன்னும் முயன்றேன், இன்னும் கேட்கவில்லை.

பாக்கியம் அம்மா என் தோளில் கை வைத்தார். என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்கிறேன் என்றார். நான் அவர் காதில் ஒரு வசனம் சொன்னேன், அவர் அதை மலை முழுவதற்கும் சொன்னார். இடப்பக்கத்து நரம்பு நெஞ்சுக்குள் போய்த் திரும்புகிறது என்றேன். தொண்டையில் ஒரு மண்ணும் இல்லை, நெஞ்சுதான் கெட்டுவிட்டது, அங்கே காம்பரா வீங்கிக் குரல் வரும் பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று அவர் கையை நீட்டி எதிர்மலையைக் காட்டினார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றேன். செய்யாவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார், இருந்தும் உங்கள் தண்ணீருக்காகத்தான் இந்த மனுசன் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று நிற்கிறார் என்றார். அதை நான் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் இல்லை, தலைவரும் தடுக்கவில்லை. நானும் திருத்தவில்லை.

பிறகு தலைவர் பாக்கியம் அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ கிசுகிசுத்தார். அவர் அதைச் சொல்லத் திரும்பினார். சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தலைவர் கற்படியிலிருந்து இறங்கி, முன்வரிசைக்கு அருகில் வந்து, அதைத் தானே மறுபடி சொன்னார். "நான் யாருக்கும் வெல போகல." முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பின்னால் நின்றவருக்குச் சொன்னார், அவர் தனக்குப் பின்னால் நின்றவருக்கு. அந்தச் சொல் ஒவ்வோர் ஆளாகக் களத்தின் கடைசிவரை நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுரேஷ் கட்டியிருந்த கையைப் பிரித்தான். நிலத்தைப் பார்த்தான். பிறகு சண்டைக்கு வருகிறவனைப்போல முன்னால் வந்து சொன்னான்: "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கேக்காமலா போவோம் தலைவரே? சரி, திங்கக்கெழம பைய நான் தூக்கிக்கிட்டு வர்றேன்."

பாதி

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு சுரேஷ் வந்தான். இரத்தம் கொடுக்க இன்னும் சிலர் கூட வந்தார்கள். வால்வை மாற்றினார்கள். முகத்தையே நான் பார்த்திராத எத்தனையோ பேர் முகமூடிக்குள் நின்று அந்த வேலையைச் செய்தார்கள்; யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல், அந்த நடை வழியாகப் போகும் எல்லாருக்கும் கொஞ்ச நாள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைவர் வார்டில் கிடந்தபோது பாக்கியம் அம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். துரைக்கு அவர் என்ன சொன்னார் என்று இரண்டு விதமாகக் கேள்விப்பட்டேன். இரண்டிலும் துரை அதிகம் பேசவில்லை. ஊற்றில் இப்போது இரண்டு குழாய்கள். ஒன்று பங்களாவுக்கு, ஒன்று பீலிக்கு.

தலைவர் இப்போது படுத்துத் தூங்குகிறார். நரம்பு நெடுநாள் நெருக்குண்டு கிடந்ததால், குரல் வருமா என்று எங்களில் யாரும் உறுதி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் வந்து, நான் சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்தார். ஒரு காலையில் அவர் 'ஆ' என்று இழுத்தது வெளி வாங்குவரை கேட்டிருக்கிறது. பரீதா ராத்தா எட்டிப் பார்த்து, எங்கிருந்தோ ஒரு மூன்றாவது கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் அறையில் வைத்துவிட்டுப் போனார். பழைய குரல் திரும்பவில்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் காற்று. வீட்டுக்குப் போதும், களத்தில் முன்வரிசைக்குப் போதும். பின்வரிசைக்கு பாக்கியம் அம்மா சொல்லிவிடுகிறார், தன் பங்குக்கு ஒன்றிரண்டைச் சேர்த்து. கடைசி நாளன்று, இவ்வளவுதான் வந்தது, இதற்கு மேல் என்னால் முடியவில்லை என்று வருத்தத்தோடு சொன்னேன். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். மூன்றாவது கதிரையில் வசதியாக உட்கார்ந்திருந்த பாக்கியம் அம்மா சொன்னார்: "ஏன் மிஸ் வருத்தப்படுறீங்க? அன்னைக்கே பாதி போதும்னு நான்தானே கேட்டேன்."

நோயாளியின் குரலைக் கேட்பதற்காகவே வருடக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கிய நான், கதவில் ஒட்டிய அறிவித்தலைக் கிழித்துவிட்டு, இப்போது யார் வந்தாலும் கூட வந்தவருக்குத்தான் முதலில் கதிரையைக் காட்டுகிறேன்.